மாட்டேன் என்ற சொல்லை மறந்த ஊர்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், கடற்கரை இப்போது இருக்கிற இடத்திலிருந்து ஒரு காத தூரம் உள்ளே தள்ளி இருந்த காலத்தில், செங்கழனி என்று ஓர் ஊரளவே உள்ள குட்டி நாடு இருந்தது. நெல்லுக்குப் பஞ்சமில்லை, நீருக்குப் பஞ்சமில்லை, வம்பு பேச ஆளுக்கும் பஞ்சமில்லை. ராஜா ஒருவர் இருந்தார். இருந்தார் என்பதோடு சரி. ஏழு கடல் தாண்டி வெள்ளித்தீவிலிருந்து கப்பலில் வந்தவர்கள் தந்தத்தில் செய்த தாயக்கட்டை ஒன்றைக் கொடுத்து, ஓலையில் கைச்சாத்து வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து ராஜா கோட்டைக்குள் உட்கார்ந்து தாயம் உருட்டினார். நாட்டை வெள்ளித்தீவு மகாராணியின் ஆட்கள் ஆண்டார்கள்.

அந்த ஆட்களுக்குத் தலைவன் மோர்வான் என்கிற மந்திரவாதி. சாம்பல் நிற அங்கி, சாம்பல் நிறக் கண். அவன் கொண்டுவந்த படை பெரிய படை இல்லை; ஈட்டி பிடித்த நாற்பது பேர். நாற்பது பேரை வைத்துக்கொண்டு நாலாயிரம் பேரிடம் எப்படி வரி வாங்குவது? அதற்குத்தான் அவனுக்கு ஒரு தமுக்கு தேவைப்பட்டது. தமுக்கு அடிக்க ஓர் ஆளும் தேவைப்பட்டான்.

அந்த ஆள்தான் வெயிலுகந்தான்.

அவன் அந்த ஊரின் தமுக்கடிக்காரன். மாடு காணாமல் போனால் அவன் சொல்வான், மடை திறந்தால் அவன் சொல்வான், செத்தவருக்குப் பதினாறாம் நாள் என்றால் அதையும் அவன்தான் சொல்வான். அவன் குரல் பனை உயரத்துக்கு எழும்பும். வீட்டில் அவனும் தங்கை பேச்சியும் மட்டும். பேச்சிக்கு ஏழு வயதில் அம்மை கண்டது. இறங்கிப் போகும்போது அது அவள் காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது. ஆனால் உதடு அசைவதைப் பார்த்தே ஒருவர் பேசுவதைப் புரிந்துகொள்வாள். சற்றுக் கட்டையான குரலில் பதிலும் சொல்வாள். குளத்துக்குக் கீழே அவள் பங்குக்கு அரை மா நிலம் இருந்தது; உழுவதற்கு ஆள் பிடிப்பாளே தவிர, விதைப்பதும் களை எடுப்பதும் அவள் கைதான்.

மோர்வான் வெயிலுகந்தானைக் கூப்பிட்டனுப்பினான். சிவப்புத் தலைப்பாகை ஒன்று கொடுத்தான். உன் வீட்டுக்கு அடுப்பு வரி கிடையாது, கிணற்று வரி கிடையாது என்றான். பிறகு தமுக்கை வாங்கி, பழைய தோலை உரித்துவிட்டு, கடலில் பிடித்த ஏதோ ஒரு பிராணியின் தோலை இழுத்துக் கட்டினான். மீன் நாற்றமும் இரும்பு நாற்றமும் கலந்து அடித்தது. அதன்மேல் வாய் வைத்து மூன்று முறை ஊதினான். காதுகளில் மெழுகை அடைத்துக்கொண்டு, "அடி" என்றான்.

வெயிலுகந்தான் அடித்தான். டம டம டம. மோர்வான் எழுதிக் கொடுத்ததைச் சொன்னான்: "ஏழு கடல் தாண்டி இருக்கும் மகாராணியின் கட்டளை. இந்தத் தமுக்கை அடிப்பவன், மகாராணியின் ஆட்கள் கூப்பிட்டபோதெல்லாம் அடிக்கக் கடவன்."

சொல்லி முடித்ததும் அவன் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை குளிர்ந்துபோனது. அது ஏன் என்று அப்போது அவனுக்குப் புரியவில்லை.

முதல் வரி அடுப்பு வரி. எரிகிற அடுப்பு ஒவ்வொன்றுக்கும் வாரம் ஒரு படி அரிசி. வெயிலுகந்தான் சந்தையில் நின்று டம டம டம என்று அடித்துச் சொன்னபோது ஜனங்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவர்களின் கால்கள் வீட்டுக்குத் திரும்பின. கைகள் பானைக்குள் போயின. அளந்து எடுத்த அரிசியை மோர்வானின் சுங்கச்சாவடி முற்றத்தில் கொண்டுவந்து கொட்டிய பிறகுதான் சிரிப்பு நின்றது. தர மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தார்கள். அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. நாக்கில் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது.

வெயிலுகந்தான் அதையெல்லாம் பார்த்தான். வீட்டுக்கு வந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்: நான் அடிக்கிறதோட சரி, சொல்றது அவங்க.

இரண்டாவது கிணற்று வரி. கிணற்றில் விட்டு எடுக்கிற ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு செப்புக்காசு. காசு இல்லாதவர்கள் மூக்குத்தியைக் கொடுத்தார்கள். மூக்குத்தி தீர்ந்ததும் குடத்தையே கொடுத்தார்கள். மேலக்கரையில் மூக்காயி என்பவளின் மாமனார், காய்ச்சலில் கிடந்தவர், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டே போய்ச் சேர்ந்தார். கருத்தக்கண்ணு என்ற உழவுச் சம்சாரி, கை அது பாட்டுக்குக் காசை எடுத்துக் கொடுத்துவிடுகிறதே என்று, தன் கை இரண்டையும் வண்டிச் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டச் சொன்னான். அன்றைக்குத் தமுக்குச் சத்தம் கேட்டதும் கை நடந்தது, கையோடு ஆள் நடந்தான், ஆளோடு சக்கரமும் அச்சு முறிந்து உருண்டு வந்தது. சுங்கச்சாவடி வாசலில் அவன் மணிக்கட்டு இரண்டும் தோலுரிந்து நின்றன.

ஊரில் யாராலும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வயிற்றில் நெருப்பு, கையில் கீழ்ப்படிதல். தெருவில் போவார்கள், வருவார்கள், போவார்கள். குழந்தைகளை அடித்தார்கள், அடித்த கையைப் பார்த்து அழுதார்கள். கப்பல் மட்டும் மாதம் தவறாமல் நிறைந்து போனது.

நான் அடிக்கிறதோட சரி, சொல்றது அவங்க. வெயிலுகந்தான் இப்போது அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தான். பேச்சி அவன் உதட்டைப் பார்த்துவிட்டாள்.

"யாருண்ணே சொல்றது?" என்று கேட்டாள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூன்றாவது வரி ஆனி மாதக் கடைசியில் வந்தது. கிணறெல்லாம் அடிமண் தெரியக் கிடந்தது. ஆடி பிறந்தால் மழை வரும், விதைக்கலாம் என்று ஜனங்கள் எதைத் தின்னாமல் வைத்திருந்தார்களோ, அதைக் கேட்டான் மோர்வான். விதைநெல். நிலம் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் தம் விதைநெல் முழுவதையும் சுங்கச்சாவடி முற்றத்தில் சேர்க்க வேண்டும். இந்த முறை யாருக்கும் விலக்கு இல்லை.

வெயிலுகந்தான் ஓலையைக் கையில் வாங்கி இரண்டு முறை படித்தான். விதையையும் கொடுத்துவிட்டால் அடுத்த வருஷம் இந்த ஊர் இருக்காது. அவன் தமுக்கைத் தூக்கிக்கொண்டு ஊர்க் கிணற்றடிக்குப் போனான். எறிந்துவிட நினைத்தான். விரல் பிரியவில்லை. மறுபடி முயன்றான், மறுபடியும் பிரியவில்லை. மூன்றாம் முறை தமுக்கை ஓங்கியபோது கை தானாகத் திரும்பி அதை அவன் தோளில் மாட்டிவிட்டது. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது, ஊருக்கு முன்னால் கட்டுப்பட்டவன் தான்தான் என்று.

சந்தையில் அடித்தான், டம டம டம. குளக்கரையில் அடித்தான், டம டம டம. இரண்டு இடத்திலும் ஜனங்கள் கண்ணீர் வழிய வீட்டுக்குத் திரும்பி நெற்குதிருக்குள் கை விட்டார்கள். மூன்றாவதாக மேலக்கரைக்குப் போனான். அங்கே பெண்கள் மழை வேண்டி முளைப்பாரி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தலையில் பச்சை முளைக் குடங்கள். சுற்றி நின்று ஐம்பது பேர் குலவை போட்டார்கள். நாக்கைச் சுழற்றி அவர்கள் எழுப்பிய சத்தத்தில் மரத்துக் கிளிகள் கலைந்து பறந்தன. அவன் தமுக்கை அடித்தான், கட்டளையைச் சொன்னான், சொல்லி முடித்தான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊர்வலம் தன் பாட்டுக்குப் போனது. ஓரமாக நின்ற ஆண்களும் அசையவில்லை.

குலவையில் தமுக்கு எடுபடவில்லை என்று வெயிலுகந்தான் கண்டுகொண்டான். பிறகு திரும்பி வந்தான். மேலக்கரைக்காரர்கள் ஏன் வரவில்லை என்று மோர்வான் கேட்டதற்கு, அவர்கள் பசியில் விதையை எப்போதோ அவித்துத் தின்றுவிட்டார்கள் என்று சொன்னான். அந்த வருஷத்தில் மோர்வானிடம் அவன் சொந்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அது. பொய்தான். சொன்னதும் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

ஆனால் மோர்வானின் ஆட்கள் முற்றத்தில் குவிந்த கூடைகளை எண்ணிப் பார்த்தார்கள். குளத்துக்குக் கீழே அரை மா நிலத்துக்குக் கூடை வரவில்லை. நான்கு ஈட்டிக்காரர்கள் போய்ப் பேச்சியையும் அவளுடைய விதைப் பெட்டியையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஊர் முழுக்க அங்கே நின்றது. மோர்வான் அவள் முன்னால் வந்து நின்று, நெல்லைக் கொட்டு என்றான். பேச்சி அவன் உதட்டைப் பார்த்தாள்; சரியாகப் புரிந்ததா என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னான்.

"மாட்டேன்" என்றாள் பேச்சி.

அவளுக்கு அது சாதாரணச் சொல். மற்றவர்களுக்கு அப்படி இல்லை. ஒரு வருஷமாக அந்த ஊரில் எந்த வாயிலிருந்தும் வராத சொல். கருத்தக்கண்ணு தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வெயிலுகந்தானின் தோளில் தொங்கிய தமுக்கு விண்ணென்று ஒரு முறை தெறித்தது. குனிந்து பார்த்தான். தோலில் மயிரிழை போல ஒரு கீறல்.

மோர்வானும் அதைப் பார்த்தான். அவன் சத்தம் போடவில்லை. நாளைக்கு உச்சிவேளையில் இவளை இந்த முற்றத்துத் தூணில் கட்டுங்கள் என்றான். இவள்மேல் ஊரே கல்லெறியும் என்றான். தமுக்குச் சொல்லும், கை எறியும், பிறகு இந்தச் சொல்லை எவரும் நினைக்கக்கூட மாட்டார்கள். தமுக்கை அடிக்கப் போவது அவளுடைய அண்ணன்.

அன்று பொழுது சாய்வதற்குள் வெயிலுகந்தான் மேலக்கரைக்கு ஓடினான். முளைப்பாரியின் முன்னால் நின்று குலவையை ஆரம்பித்து வைத்தவள் மூக்காயி. அவள் வாசலில் போய் நின்று நடந்ததைச் சொன்னான். குலவை போட்டால் தமுக்கு எடுபடவில்லை, என் கண்ணால் பார்த்தேன், நாளைக்கு நீங்கள் எல்லாரும் வந்து குலவை போட வேண்டும் என்றான். காலில் விழுந்தான்.

மூக்காயி காலை இழுத்துக்கொண்டாள். தன் மாமனார் கேட்ட தண்ணீரைச் சொன்னாள். அந்தக் குடத்துக்குக் காசு கேட்ட குரல் யாருடையது என்று கேட்டாள். அணைந்துகிடந்த தன் அடுப்பைக் காட்டினாள். இப்போதும், நான் அடிக்கிறதோட சரி, சொல்றது அவங்க என்று அவன் நாக்கு தன் பழக்கத்தில் ஆரம்பித்தது. பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"சொன்னது நான்தான்," என்றான். "என் வாய்தான் சொல்லிச்சு. எனக்காக வர வேண்டாம், அக்கா. அந்தப் பிள்ளைக்காக வாங்க."

"மாட்டேன், போ," என்றாள் மூக்காயி.

அவள் கை தன் வாயைப் பொத்தியது. பிறகு மெதுவாக விலகியது. தமுக்கு இரண்டாம் முறை விண்ணென்று தெறித்தது. கீறலுக்குக் குறுக்கே இன்னொரு கீறல் விழுந்தது. மூக்காயி அதையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் உச்சிவேளை. வெயில் தலையைப் பிளந்தது. முற்றத்தின் நடுவில் கருங்கல் தூண்; தூணில் பேச்சி. பக்கத்தில் ஆற்றங்கரையிலிருந்து வண்டி வண்டியாகக் கொண்டுவந்து குவித்த கல். மோர்வான் எப்போதும்போல் காதில் மெழுகை அடைத்துக்கொண்டு உயரமான மேடைமேல் நின்றான். நாற்பது ஈட்டிக்காரர்களும் சுற்றி நின்றார்கள்.

வெயிலுகந்தான் முதல் முறை அடித்தான். டம டம டம. ஊரார் எல்லாரும் முற்றத்துக்கு வரக் கடவர். வந்தார்கள். சந்தைத் தெரு வந்தது, குளக்கரை வந்தது, கடைசியில் மேலக்கரையும் வந்தது. அவர்களுக்கும் கேட்டிருக்கிறது, அவர்களும் கட்டுப்பட்டுவிட்டார்கள். கூட்டத்தில் மூக்காயியின் முகத்தைத் தேடினான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாம் முறை அடித்தான். டம டம டம. கேட்கிற எல்லாரும் ஆளுக்கு ஒரு கல்லைக் கையில் எடுக்கக் கடவர். குனிந்தார்கள். கருத்தக்கண்ணு ஆறாத மணிக்கட்டோடு ஒரு கல்லை எடுத்தான். மூக்காயி எடுத்தாள். ஈட்டிக்காரர்களுக்கும் காது உண்டல்லவா? அவர்களும் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கல்லை எடுத்தார்கள். வெயிலுகந்தானுடைய இடது கையும் தானாகக் குனிந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டது. கனமான கல். தன் வலது கையில் குச்சி, இடது கையில் தங்கைக்கான கல்.

அவன் பேச்சியைப் பார்த்தான். அவள் அழவில்லை. அண்ணனின் உதடு என்ன சொல்லப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் முறை வலது கை எழுந்தது. நிறுத்தப் பார்த்தான்; நிற்கவில்லை. டம. டம. டம. "ஏழு கடல் தாண்டி இருக்கும்" என்று ஆரம்பித்தது அவன் வாய். ஒவ்வொரு எழுத்தையும் இழுத்தான். எவ்வளவு இழுத்தாலும் ஒரு வாக்கியம் எத்தனை நீளம் இருந்துவிடும்? "மகாராணியின் கட்டளை. கையில் எடுத்த கல்லை" என்பது வரை வந்துவிட்டது.

அப்போது மூக்காயி தலையை நிமிர்த்தினாள். கை கட்டுப்பட்டிருந்தது, நாக்கு கட்டுப்படவில்லை. குலவை போட்டாள்.

ஒற்றைக் குரல் கத்தி மாதிரி எழும்பியது. அடுத்த நொடி பக்கத்தில் நின்றவள் சேர்ந்தாள், அதற்கடுத்து மேலக்கரைப் பெண்கள் அத்தனை பேரும், பிறகு குளக்கரை, பிறகு சந்தைத் தெரு. ஆயிரம் நாக்கு சுழன்றது. கலியாணத்துக்குப் போடாத குலவை, காப்புக் கட்டுக்குப் போடாத குலவை, ஒரு வருஷமாக வயிற்றில் கிடந்த நெருப்பெல்லாம் தொண்டை வழியாக வந்த குலவை. காதில் தேங்கியிருந்த தமுக்குச் சத்தத்தை அது அடித்துக்கொண்டு போனது. கற்கள் ஒவ்வொன்றாகக் கையிலிருந்து நழுவி விழுந்தன.

மோர்வானுக்கு எதுவும் கேட்கவில்லை. மெழுகு அல்லவா? பெண்கள் வாயைத் திறந்து நாக்கை ஆட்டுவதைப் பார்த்து, பயந்து அழுகிறார்கள் என்று நினைத்தான். ஊர் கல்லைக் கீழே போடுவதைப் பார்த்த பிறகுதான் அவன் முகம் மாறியது. மேடையிலிருந்து இறங்கி வந்து, ஓங்கி அடி என்று வெயிலுகந்தானைப் பிடித்து உலுக்கினான். வெயிலுகந்தானும் ஓங்கி அடித்தான். அடிக்கிற தமுக்கு அவன் காதுக்கே கேட்கவில்லை. இன்னொரு அடி. அதுவும் கேட்கவில்லை. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரு சூடு இறங்கியது. விரலைப் பிரித்துப் பார்த்தான்.

பிரிந்தது.

குச்சி கீழே விழுந்தது, கல்லும் கீழே விழுந்தது. அவன் மோர்வானின் முகத்துக்கு நேராக நின்று ஒரு சொல் சொன்னான். அந்தக் குலவைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. தூணில் கட்டியிருந்த பேச்சி மட்டும் அவன் உதட்டைப் பார்த்தாள். மாட்டேன். முற்றத்தில் இருந்த நாலாயிரம் பேரில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் அப்போதுதான் அழுதாள்.

தமுக்கின் தோல் இரண்டாகக் கிழிந்தது. உள்ளேயிருந்து உப்புக்காற்று ஒன்று ஊளையிட்டுக்கொண்டு வெளியேறி, மோர்வானின் அங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடல் பக்கமாகப் போனது. அவன் பின்னாலேயே ஓடினான். வாயைத் திறந்து ஏதேதோ மந்திரம் சொன்னான்; சத்தம் வரவில்லை. ஊதி ஊதித் தமுக்கில் அடைத்து வைத்தது அவனுடைய குரலைத்தான். அது கிழிந்தபோது குரலும் போய்விட்டது. ஈட்டிக்காரர்கள் கீழே கிடந்த ஈட்டியைத் தேடினார்கள். அவற்றின்மேல் ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நாற்பது பேர் நாலாயிரம் பேரைப் பார்த்தார்கள். இத்தனை நாளும் எண்ணிக்கை இதுதானே என்று இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. அவர்கள் அமைதியாகக் கப்பலுக்கு நடந்தார்கள். யாரும் அவர்கள்மேல் கல்லெறியவில்லை.

வெயிலுகந்தான் கயிற்றை அவிழ்த்தான். முடிச்சு இறுகியிருந்ததால் அவிழ நேரமாயிற்று. பேச்சி பொறுமையாக நின்றாள்.

கருத்தக்கண்ணுதான் சுங்கச்சாவடிக் கதவில் முதலில் தோள் கொடுத்தான். விதைநெல் அத்தனையும் அங்கே இருந்தது. கப்பலேற இன்னும் மூன்று நாள் இருந்தது. அவரவர் கூடையை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளித்தீவுக்காரர்கள் அதோடு விட்டுவிடவில்லை. மறு வருஷம் ஒரு கப்பல் புது மந்திரவாதியோடு வந்தது; அவன் தாரை என்கிற நீண்ட ஊதுகொம்பைத் தூக்கி வாயில் வைத்ததும் கரையெல்லாம் குலவை எழும்பியது. அதற்கடுத்த வருஷம் வந்த கப்பல் கரைக்கே வரவில்லை, தூரத்திலேயே நின்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது. அதன்பிறகு கப்பலே வரவில்லை. தமுக்கு கிழிந்த சில நாளிலேயே ராஜா தாயக்கட்டையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, என்ன நடந்தது என்று கேட்டாராம். யாருக்கும் பதில் சொல்ல நேரமில்லை.

ஏனென்றால் அந்த ஆடியில் மழை வந்தது. முதல் பிடி விதையைப் பேச்சியின் கையால் போட வேண்டும் என்று ஊர் சொல்லிவிட்டது. நடுவயலில் அவள் நின்றாள். சுற்றிலும் வரப்பெல்லாம் ஜனம். வெயிலுகந்தான் மட்டும் தூரத்து வரப்பில், சிவப்புத் தலைப்பாகை இல்லாமல், தோளில் தமுக்கு இல்லாமல் நின்றான். இறங்கவும் துணிவில்லை, போகவும் மனமில்லை. அவனை வா என்று யாரும் கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஊர் மறக்கவில்லை. மறக்கிற விஷயமும் இல்லை.

மூக்காயி விதைக்கூடையோடு அந்த வரப்பு வழியாக வந்தாள். அவன் ஒதுங்கி வழிவிட்டான். அவள் போகாமல் நின்று, இடுப்பிலிருந்த கூடையை இறக்கி அவன் தலையில் வைத்தாள்.

"கனமா இருக்கு," என்றாள். "சேறு காயறதுக்குள்ள இறங்கு."

அவன் இறங்கினான். சேறு முழங்கால்வரை ஏறியது.

அவர்கள் விதைத்தார்கள், விளைந்தது, அறுத்து அவரவர் குதிரில் கொட்டினார்கள். நமக்கும் உலை கொதிக்கிறது. எழுந்திருங்கள், சாப்பிடப் போவோம்.